பத்துத் தண்ணீர்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளைத் தொட்டியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் திரும்புவாள். பத்தொன்பது வருடமாகக் கூடத்தின் கோடியில், ஜன்னலை ஒட்டிய எஃகுத் தொட்டிக்கு முன்னால் நின்று கண்ணாடிக் குடுவை கழுவுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

கழுவுவது என்றால் வீட்டில் சாப்பிட்ட தட்டைக் கழுவுவது மாதிரி என்று யாராவது சொன்னால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அங்கே வளர்ப்பது பாசி. குளத்தில் பார்க்கிற பச்சைதான், ஆனால் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர். குடுவையில் சத்துக்கரைசலை ஊற்றி, தாய்க் குடுவையிலிருந்து ஒரு சொட்டு விட்டு, விளக்குத் தட்டில் வைத்தால் நான்காம் நாள் இளம்பச்சை தெரிய வேண்டும். அந்தக் குடுவையைச் சோப்புக் கரைசலில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, ஏழு தடவை குழாய்த் தண்ணீரிலும் மூன்று தடவை காய்ச்சி வடித்த தண்ணீரிலும் அலச வேண்டும். ஆக மொத்தம் பத்துத் தண்ணீர். ஏன் பத்து, எட்டு போதாதா என்று அவள் கேட்டதே இல்லை. அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் ஓய்வு பெற்றுப் போகும்போது பத்து என்று சொல்லிவிட்டுப் போனார். பத்தொன்பது வருடமாகப் பத்தாகவே இருந்தது.

கேள்வி கேட்கிற பழக்கம் அவளுக்குப் பிறகுதான் வந்தது. வந்த வினையும் அதிலிருந்துதான்.

ஒவ்வொரு வருடமும் விடுமுறையில் கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் எட்டு வாரப் பயிற்சிக்கு வருவார்கள். வந்த முதல் வாரம் அளவுக் குழாய் எங்கே, பஞ்சு எங்கே என்று தொட்டியக்காவிடம்தான் கேட்பார்கள். எட்டாவது வாரம் அவளுக்குப் புரியாத வார்த்தைகளாகப் பேசிவிட்டுக் கையாட்டிவிட்டுப் போவார்கள். பதினைந்து வருடம் இதைப் பார்த்துப் பார்த்து, முப்பத்தெட்டாவது வயதில் அவள் அஞ்சல் வழியில் உயிரியல் பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டாள். கணவர் முதலில் சிரித்தார். முதல் வருடத் தேர்வில் அவள் தேறியதும் சிரிப்பதை நிறுத்திவிட்டு, படிக்க ஒரு மேஜை வாங்கிக் கொடுத்தார்.

எழுத்துத் தேர்வெல்லாம் ஒருவழியாக முடிந்தது. கடைசியில் ஒன்று பாக்கி. ஏதாவது ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆறு வாரம் நேரடியாக ஆராய்ச்சி செய்து, அங்கே தலைமை வகிப்பவரிடம் கையெழுத்து வாங்கி, அடுத்த மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் இன்னொரு வருடம். தொட்டியக்கா பதினோரு இடத்துக்கு எழுதினாள். ஒன்பது பேர் பதிலே போடவில்லை. ஒருவர் இருபத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும் என்றார். இன்னொருவர், நீங்கள்தான் ஏற்கெனவே ஆய்வுக்கூடத்தில் இருக்கிறீர்களே, உங்களுக்கு எதற்கு இன்டர்ன்ஷிப் என்று கேட்டிருந்தார். அதைப் படித்துவிட்டு அவள் சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே நினைவில்லை.

கடைசியில் தன் மேடத்திடமே போய் நின்றாள். மேடம் கூடத்தின் தலைவி, அளந்து பேசுகிறவர். ஐந்து நிமிடம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"செய்ங்க. ஆனா கழுவற வேலை ஒண்ணு கூடக் குறையக் கூடாது. ரெண்டு மணிக்குள்ள முடிச்சுட்டு, ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் உங்க ஆராய்ச்சி. சரியா?"

"சரி மேடம்" என்று சொல்லும்போது அவள் கணக்குப் போடவில்லை. ஐந்து மணி வரை நீளும் வேலை இரண்டு மணிக்கு எப்படி முடியும்? மறுநாள் தொட்டிக்கு முன்னால் நின்றபோதுதான் அது உறைத்தது. பாடப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். 'கண்ணாடிப் பொருள்களை நன்றாக அலசவும்' என்று இருந்தது. எத்தனை தடவை என்று எண் போடவில்லை. அந்த ஓய்வு பெற்றவர் என்ன பெரிய விஞ்ஞானியா, அவர் வாய்க்கு வந்தது பத்து. இப்படித் தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டு, மூன்று குழாய்த் தண்ணீர், ஒரு வடித்த தண்ணீர் என்று குறைத்தாள். நாலு தண்ணீரில் குடுவை பளிச்சென்றுதான் இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், ஒரு புள்ளி இல்லை.

அந்த வருடம் பயிற்சிக்கு வந்தவர்கள் நாலு பேர், அவளையும் சேர்த்தால் ஐந்து. நால்வரில் ஒரு பெண்ணுக்கு வந்த மூன்றாம் நாளே குடுக்கை என்று பெயர் விழுந்துவிட்டது. அவசரக்குடுக்கையின் சுருக்கம். நடக்க வேண்டிய இடத்தில் ஓடுவாள், கேள்வி முடிவதற்குள் பதில் சொல்வாள், கதவைத் திறப்பதற்குள் உள்ளே போகப் பார்ப்பாள். ஆனால் தொட்டியக்காவைப் பயிற்சி மாணவியாக மதித்தவள் அவள் ஒருத்திதான். "அக்கா, நீங்களும் நானும் ஒரே பேட்ச்" என்று முதல் நாளே தோளில் கை போட்டுக்கொண்டாள். எல்லோருக்கும் வேண்டிய சத்துக்கரைசலுக்கு உப்புகளை எடை போட்டுக் கலக்கும் பொறுப்பு அவளுக்கு வந்தது.

இரண்டாவது வாரம் வைத்த குடுவைகள் பச்சையாகவில்லை. முதல் தடவை அப்படித்தான் இருக்கும் என்றார்கள். மூன்றாவது வாரம் வைத்தவையும் ஆகவில்லை. எந்த மருந்தும் கலக்காமல், ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்த குடுவைகள்கூட வெளிறிப்போய்க் கிடந்தன. விளக்கை மாற்றினார்கள், வெப்பத்தை அளந்தார்கள். பயிற்சிக்கு முன்பே வளர்த்து வைத்திருந்த தாய்க் குடுவை மட்டும் ஜம்மென்று பச்சையாக இருந்தது. அப்படியானால் கோளாறு சத்துக்கரைசலில்தான் என்று பேச்சு வந்தது. அதைக் கலக்கியது யார்? குடுக்கை. பெயரே சாட்சி சொன்னது, வேறு சாட்சி யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

நான்காவது வாரம் திங்கட்கிழமை மேடம் எல்லோரையும் கூட்டினார்.

"இன்னிக்கே நெட்டை புதுசா கரைசல் கலக்கட்டும். புதுக் கரைசல்ல எல்லாரும் மறுபடி ஆரம்பிங்க. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பார்க்கலாம்." நெட்டை என்பது உயரமான இன்னொரு மாணவன். மேடம் குடுக்கையைப் பார்த்தார். "அதுல பச்சை வந்துதுன்னா, உங்களை மேற்கொண்டு வச்சுக்கறதுல அர்த்தமில்ல. மூணு வாரம் எல்லாரோடதும் வீணாப் போச்சு."

குடுக்கை அன்று முதல் தடவையாக உடனே பதில் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை தொட்டியக்கா தன் குடுவைகளைப் பார்க்கக் கீழ்த்தட்டுக்குக் குனிந்தாள். எந்த நிற வெளிச்சத்தில் பாசி வேகமாக வளரும் என்பது அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி. சிவப்பு, நீலம், வெள்ளை என்று நிறத்துக்கு நாலாகப் பன்னிரண்டு குடுவை. அவளுடையதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அவளே மூன்று நாளாகப் பார்க்கவில்லை.

பன்னிரண்டில் மூன்று பச்சையாக இருந்தன. சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று, வெள்ளையில் ஒன்று.

அவள் மூன்றையும் கையில் எடுத்துப் பார்த்தாள். மூன்றுக்கும் வாய் விளிம்பு லேசாக உடைந்திருந்தது. விளிம்பு உடைந்த குடுவைகளை மற்றவர்கள் தொட மாட்டார்கள். அலமாரியின் அடியில் இரண்டு மாதமாகக் கிடந்தவற்றை, நல்லதெல்லாம் பிள்ளைகளுக்கு இருக்கட்டும் என்று அவள்தான் எடுத்துக்கொண்டாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் கழுவியவை. சோப்பு துளிகூட ஒட்டாமல், பத்துத் தண்ணீரில் கழுவியவை.

மூன்றிலும் ஊற்றியிருந்தது குடுக்கை கலக்கிய கரைசல்தான்.

குடுவைகளை இருந்த இடத்திலேயே வைத்து, முன்னால் ஒரு அட்டைப் பெட்டியை நகர்த்தி மறைத்தாள். மறைத்த பிறகுதான் மறைத்தோம் என்று தெரிந்தது. பிறகு தொட்டிக்குப் போய் ஆறு குடுவை எடுத்தாள். மூன்றை நாலு தண்ணீரில் கழுவினாள், மூன்றைப் பத்துத் தண்ணீரில். மதியம் கிருமி போக ஆவியில் வைத்து எடுத்து, குடுக்கையின் பழைய கரைசலை ஊற்றி, சொட்டு விட்டு, அட்டைப் பெட்டிக்குப் பின்னால் வைத்தாள். விடை வெள்ளிக்கிழமைதான் தெரியும். ஒருவேளை ஆறுமே வெளிறிப்போனால்? அப்படியானால் தப்பு அவளுடையது இல்லை. ஆறும் வெளிறட்டும் என்று அவள் மனதார வேண்டிக்கொண்டாள். அடுத்த நிமிடமே அப்படி வேண்டிக்கொண்டதற்காகத் தன்னையே காறித் துப்ப வேண்டும் போல் இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. அன்று முதல் அவளால் எந்தக் குடுவையையும் நாலு தண்ணீரோடு விட முடியவில்லை. காலை ஆறரைக்கே வந்து, எல்லாவற்றையும் பத்துத் தண்ணீரில் கழுவினாள். அந்தக் குடுவைகளில்தான் நெட்டை கலக்கிய கரைசல் ஊற்றப்படும். கட்டாயம் பச்சை வரும். வந்ததும், பாருங்கள், கரைசல்தான் காரணம் என்பார்கள். குடுக்கை ஊருக்குப் போவாள். மூன்று வாரம் கழித்துத் தொட்டியக்காவுக்குக் கையெழுத்துக் கிடைக்கும். அவள் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், எல்லாம் தானாக நடந்துவிடும். இப்படி ஒரு ஏற்பாட்டைத் திட்டம் போட்டுக்கூட யாராலும் செய்திருக்க முடியாது.

புதன்கிழமை சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டார்.

"சொன்னா என்ன ஆகும்?"

"படிப்பு போயிடும். வேலையும் போகலாம்."

"சொல்லலன்னா?"

"ஒண்ணும் ஆகாதுங்க. அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போயிடுவா."

அவர் ஒரு சட்டையை மடித்து வைத்தார். "அது சின்னப் பொண்ணு. அதுக்கு வேற இடம் கிடைக்கும். உனக்குக் கிடைக்குமா? பதினோரு பேருக்கு எழுதினியே. பேசாம இரு."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. "உங்களைக் கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று எழுந்து போனாள். போன இடத்தில் செய்ய ஒரு வேலையும் இல்லை. கழுவி வைத்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவினாள்.

வியாழக்கிழமை முழுக்க அவள் குடுக்கை இருக்கும் பக்கமே போகவில்லை. அந்தப் பெண் நடந்தாள், ஓடவில்லை. உப்பைத் தராசில் மூன்று தடவை எடை போட்டுப் பார்த்து, மூன்று தடவையும் எழுதி வைத்தாள். கதவைத் திறந்து, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு வந்தாள். நல்ல பழக்கம்தானே என்று நெட்டை சொன்னான். தொட்டியக்காவுக்கு அதைக் காதில் வாங்கப் பொறுக்கவில்லை, குழாயை முழுவதும் திறந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆறரை மணி. கூடத்தில் யாரும் இல்லை. விளக்குத் தட்டில் புதன்கிழமை வைத்த புதுக் குடுவைகளில் மூன்றாம் நாளே மெலிதாகப் பச்சை தட்டியிருந்தது. அவள் கீழே குனிந்து அட்டைப் பெட்டியை நகர்த்தினாள்.

நாலு தண்ணீர் மூன்றும் வெளிறிக் கிடந்தன. பத்துத் தண்ணீர் மூன்றும் பச்சை.

ஆறையும் ஒரு தட்டில் தூக்கிக்கொண்டு தொட்டிக்கு வந்தாள். பிளீச்சிங் கரைசலை ஊற்றிக் கவிழ்த்தால் ஒரு நிமிட வேலை. ஒரு குடுவையின் வாயை அடைத்த பஞ்சைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தாள். கவிழ்க்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ, பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"அக்கா, நல்லவேளை நீங்க வந்துட்டீங்க." குடுக்கைதான். கையில் ஒரு தாள். "இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. எழுத்து சரியா இருக்கான்னு."

தொட்டியக்கா குடுவையை வைத்து, ரப்பர் கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கினாள். மேடத்துக்கு எழுதிய கடிதம். 'நான் அவசரத்தில் உப்புகளைத் தவறாக எடை போட்டிருக்கிறேன். அதனால் மற்றவர்களின் மூன்று வார உழைப்பு வீணானது. இதற்கு நான் மட்டுமே காரணம்.'

"நீ தப்பா எடை போட்டியா?"

"தெரியலக்கா. சரியா போட்ட மாதிரிதான் ஞாபகம். ஆனா எல்லாரும் சொல்றாங்களே. வீட்டுலயும் அப்படித்தான் சொன்னாங்க, நீ எப்பவும் இப்படித்தானேன்னு. யோசிக்க யோசிக்க, தப்பாத்தான் போட்டிருப்பேன்னு தோணுது." மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு லேப் வேலை சரிப்படாதுக்கா. வேற ஏதாவது படிக்கப் போறேன்."

தொட்டியக்கா கடிதத்தை மறுபடி படித்தாள். 'அவசரத்தில்' என்ற சொல்லுக்கு மேல் அவள் கண் போகவில்லை. இந்தக் கூடத்தில் அவசரப்பட்டது யார் என்று அவளுக்குத் தெரியும். தாளைத் திருப்பிக் கொடுக்காமல் மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"பத்து மணிக்கு வா" என்றாள்.

பத்து மணிக்கு எல்லோரும் மேடத்தின் அறையில் இருந்தார்கள். நெட்டை பச்சை தட்டிய குடுவையை மேஜையில் வைத்திருந்தான். மேடம் குடுக்கையிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, தொட்டியக்கா தட்டோடு உள்ளே வந்தாள். விளிம்பு உடைந்த மூன்றும், அந்த ஆறும். மேஜையில் வைக்கும்போது கண்ணாடி ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டது.

"கரைசல் நல்லா இருக்கு மேடம். இது எல்லாத்துலயும் இந்தப் பொண்ணு கலக்கினதுதான். பச்சையா இருக்கறது பத்துத் தண்ணி. வெளுத்தது நாலு தண்ணி. நான்தான் குறைச்சேன்."

மேடம் குடுவைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அவசரமே இல்லாமல் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"பதினாறு நாள். நானூத்திப் பன்னண்டு குடுவை. பதிவேட்டுல இருக்கு."

"பத்தொன்பது வருஷமா நான் உங்க குடுவையை மோந்துகூடப் பார்த்ததில்ல. உங்க கை பட்டதுன்னா சுத்தம்னு எடுத்துக்கிட்டேன்." மேடம் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தித் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. "வேலையில இருங்க. வேற யாரையும் எனக்குத் தெரியாது. ஆனா இந்த மூணு வாரத்துக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. உங்க ஆறு வாரம் திங்கட்கிழமை ஆரம்பிக்குது. எத்தனை தண்ணி வேணும்ங்கறதையே ஆராய்ச்சியா செய்ங்க. ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும்."

ஆறு வாரம் என்றால் கெடு தாண்டிவிடும். இன்னொரு வருடம். அவள் விரலை மடக்கிக் கணக்குப் பார்க்கவில்லை, அந்தக் கணக்கு நாலு நாளாக அவளுக்கு மனப்பாடம். "சரி மேடம்" என்றாள். மற்றவர்களுக்கு மூன்று வாரம் கூட்டிக் கொடுத்தார் மேடம். குடுக்கையிடம், "உங்க எடையை நான் ஒரு தடவை சரிபார்த்திருக்கணும், தப்பு என்னோடது" என்றார்.

வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் குடுக்கை நின்றாள். நன்றி சொல்வாள் என்றோ, கட்டிக்கொள்வாள் என்றோ தொட்டியக்கா எதிர்பார்த்தாள் என்றால் பொய்யில்லை.

"உங்களுக்கு எப்போக்கா தெரியும்?"

இன்று காலைதான் என்று சொல்லிவிடலாம். ஆறு குடுவையும் அப்போதுதானே பேசின.

"செவ்வாய்க்கிழமை."

குடுக்கை விரலை மடக்கி எண்ணினாள். "நாலு நாள்" என்றாள். "நாலு நாளா நான் பைத்தியம் மாதிரி இருந்தேன். நீங்க அந்தக் கோடியிலேயே நின்னுட்டு இருந்தீங்க."

தொட்டியக்கா பையில் இருந்த கடிதத்தை எடுத்து நீட்டினாள். அந்தப் பெண் வாங்கிக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, நடந்து போனாள்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்குத் தொட்டியக்கா வந்தபோது, தொட்டியின் இரண்டாவது குழாயடியில் ஏற்கெனவே ஆள் இருந்தது. பத்தொன்பது வருடத்தில் அந்தக் குழாயை அவளைத் தவிர யாரும் திறந்ததில்லை. குடுக்கை தனக்குப் பொருந்தாத பெரிய ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, தன் குடுவைகளைத் தானே கழுவிக்கொண்டிருந்தாள். வாய்விட்டு எண்ணினாள். தொட்டியக்கா ஒன்றும் கேட்காமல் பக்கத்துக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

"ஆறு... ஏழு..." குடுக்கை வடித்த தண்ணீருக்கு மாறினாள். அப்போது நெட்டை உள்ளே வந்து, கரைசல் பாட்டில் எங்கே என்று கேட்டான். அவள் திரும்பிப் பதில் சொல்லிவிட்டுக் குடுவையைப் பார்த்தாள். எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பக்கத்தில் திரும்பாமலே கேட்டாள்.

"எட்டா, ஒன்பதாக்கா?"

"ஒன்பது" என்றாள் தொட்டியக்கா.

குடுக்கை தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தாள். பத்தாவது தண்ணீரை ஊற்றிச் சுழற்றிக் கொட்டினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னொன்றும் ஊற்றினாள்.